கிர்க்கி உறுப்பினரின் வாளி

பூனாவின் கிர்க்கி கடைத்தெருவில் காலையிலிருந்தே தெருக்குழாய் வறண்டு கிடக்கிறது. மராத்திப் பெண்கள் காலிக் குடங்களோடு ஒரு வீட்டு வாசலில் கூடியிருக்கிறார்கள். அது ராணுவக் குடியிருப்பை நிர்வகிக்கும் கண்டோன்மென்ட் போர்டின் உறுப்பினர் சண்முகத்தின் வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் வேலூரிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், இந்தப் பெண்களின் ஓட்டில்தான் இன்றும் ஜெயிக்கிறார்.

"வெள்ளைக்காரன் இருந்தப்பவும் ஒரு தடவை இப்படித்தான் தண்ணி நின்னு போச்சு," என்கிறார் எனக்கு டீ ஆற்றித் தரும் கடைக்காரத் தமிழர். "இவரு கோவணத்தோட போய் போர்டு துரை பங்களா குழாயில குளிச்சாரு. மறுநாளே இங்க தண்ணி வந்துச்சு."

தோளில் துண்டும் கையில் வாளியுமாகச் சண்முகம் வெளியே வருகிறார். குடங்கள் பின்னால் கிளம்புகின்றன.

"இப்ப இருக்கிறது நம்ம அதிகாரிதானே, ஐயா?" என்கிறேன்.

அவர் நடந்துகொண்டே சட்டைப் பொத்தான்களைக் கழற்றுகிறார்.

"நம்ம ஆளுன்னா இன்னும் சீக்கிரமா வெக்கப்படுவான், தம்பி."