கூடுதலாக வந்த பதினெட்டுத் துண்டுகள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. போன நவம்பரில், கோலாலம்பூருக்குத் தெற்கே செனாய் என்ற ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இரவு ஷிஃப்ட் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஜோஆன் சிரிக்கமாட்டாள்.

ஜோஆனுக்குச் சாலை வடிவமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. டயர் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வேலைக்குச் சேரும்போது கொடுத்த மருத்துவச் சான்றில் உயரம் 157 சென்டிமீட்டர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "சின்ன சைஸ் இன்ஜினியர்" என்று எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள். இந்த ஐந்து மாதத்தில் இரண்டு முறை வேலையைத் தாமதமாக முடித்திருந்தாள். அதனால் அன்று முதலாளி மகேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"லாபிஸ் ரோடு பிளான் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போயாகணும். போகலன்னா திங்கக்கெழம நீங்க வர வேணாம், ஜோஆன்."

சொந்த ஊரான பத்து பாகாட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். மருந்துக்கும் சோற்றுக்கும் இவள் ஒருத்தியின் சம்பளம்தான். இந்த வேலையும் போய்விட்டால்... அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

மணி 2.40. மற்றவர்கள் எல்லாம் சைட்டுக்குப் போயிருந்தார்கள். கீழே டயர் கடையும் அன்று அடைப்பு. ஏர்கோன் உறுமுவது மட்டும்தான் கேட்டது.

கம்ப்யூட்டருக்குச் சாலை என்பது நேர்கோடுகளும் வளைவுகளும் கோத்த ஒரு சங்கிலி. அவர்கள் வைத்திருந்த மென்பொருள் ஒரு சாலைக்கு நூறு துண்டுகளுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. சாலையை இரண்டாக உடைத்து அனுப்பவும் வழியில்லை. ஒரே கோடாகத்தான் வேண்டும் என்பது சாலை போடுபவர்களின் நிபந்தனை. சர்வேயர் கனகராஜ் அனுப்பிய கோப்பை அவள் உள்ளே ஏற்றினாள்.

டிங்.

வரம்பு மீறியது. மொத்தத் துண்டுகள்: 116.

உடனே கனகராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எத்தன துண்டு குடுத்தீங்க?"

"தொண்ணூத்தெட்டுமா."

"இங்க நூத்துப் பதினாறு காட்டுது லா!"

"அலமாக்... சான்ஸே இல்லமா. நான் எண்ணித்தான் அனுப்பினேன்."

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கூடுதலாக வந்த பதினெட்டும் ஒரே இடத்தில் இருந்தன. நாலு கிலோமீட்டர் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில். சாலையோடு ஒட்டாத குட்டிக் குட்டிக் கோடுகள். எல்லாம் சாலைக்குக் குறுக்கே கிடந்தன.

3.15. ஒரு கோட்டைத் தொட்டு அழித்தாள்.

தொப்.

ஈர மண் விழுகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அடுத்ததை அழித்தாள். தொப். அதற்கடுத்ததையும் அழித்தாள். தொப். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் யாரும் மண் வெட்டவில்லை. பதினெட்டையும் அழித்து முடித்தபோது பதினெட்டு முறை கேட்டிருந்தது.

சேமித்தாள். மறுபடி ஏற்றினாள்.

டிங். 116.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். 116. பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். 116. புதிய கோப்பு திறந்து, தொண்ணூற்றெட்டுத் துண்டுகளையும் கையால் தட்டி ஏற்றினாள். அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

டிங். 116.

மணி 4.38. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சர்வேயரிடம் காட்டுவதற்காகப் பதினெட்டின் நீளத்தையும் மீட்டர் கணக்கில் நோட்டில் எழுதினாள். 1.81... 1.70... 0.62... 0.94... கடைசி, 1.57.

கனகராஜுக்கு மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

அப்போதுதான் கோடுகளை ஒழுங்காகப் பார்த்தாள். இரண்டு வரிசை. எல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடந்தன. பெரியவை ஒரு பக்கம், சின்னவை ஒரு பக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். இந்த வரிசை அவளுக்குத் தெரியும்.

சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. கோப்பு அடம் பிடித்தால், இரண்டு மீட்டருக்குக் குறைவான துண்டுகளையெல்லாம் குப்பை என்று ஒரே அழுத்தில் கழித்துவிடுவார்கள். சர்வேயரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று பெயருக்கு ஒரு விதி இருந்தது.

4.52.

மேசை மேல் ஏதோ நெருடியது. விசைப்பலகை முழுக்கச் செம்மண் பொடி.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். மண் வெட்டிக் களைத்த ஆளைப் போல...

"மாதாவே... எங்கம்மாவுக்காக... மன்னிச்சிருங்க," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

தெரிந்தேதான் அழுத்தினாள்.

தொப்தொப்தொப்தொப்...

அப்புறம் அமைதி.

98. கோப்பு ஏறிவிட்டது.

4.58க்கு அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. சாலை அந்த இடத்தில் நூல் பிடித்தாற்போல நேராகப் போனது.

மகேஸ்வரன் பாராட்டினார். வேலையும் நிரந்தரம் ஆனது. அதோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை மதியம், லாபிஸிலிருந்து கனகராஜ் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஜோ, வேலைய நிறுத்திட்டாங்கமா. மிஷின் தோண்டுன எடத்துல எலும்பு. பழைய எஸ்டேட் இடுகாடாம். எந்த மேப்லயும் இல்ல. ரெண்டு வரிசம்மா... சின்னப் புள்ளைங்கல்லாம் தனியா."

"எத்தன, அண்ணே?"

"பதினேழு."

ஜோஆனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "பதினெட்டு இல்லையா?"

அந்தப் பக்கம் கனகராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"பதினெட்டாவது வெறுங்குழி. ஒண்ணுமே இல்ல. இன்னிக்குக் காலைல வெட்டுன மாதிரி இருக்கு. மிஷின் அந்தப் பக்கம் போகவே இல்லமா. யாரு வெட்டுனான்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஆமா... ஒனக்கு எப்பிடிம்மா பதினெட்டுன்னு தெரியும்?"

அதைக் காதில் வாங்காமல் ஜோஆன் கேட்டாள்.

"அளந்தீங்களா?"

"அளந்தேன். ஒண்ணு புள்ளி அஞ்சு ஏழு."

நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுடைய மருத்துவச் சான்றில் இருந்த உயரமும் அதேதான்.

அன்று மாலை மகேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது. பிளான் போட்டவரே நேரில் வந்து இடத்தைக் காட்ட வேண்டுமாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜோஆன் லாபிஸில் இருக்க வேண்டும். வராவிட்டால் வேலை இல்லை.