கையைத் தூக்க முடியாத கோட்டு

நிலத்தை நானே உழுது பயிரிடப்போகிறேன் என்று கோர்ட்டில் சொல்வதற்காகக் கோட்டும் சூட்டும் தைத்துக்கொண்டவன் நான். இப்படி ஒரு மூடனைத் தஞ்சை ஜில்லாவில் வேறெங்கும் பார்த்ததில்லை. தேடவும் இல்லை, தேடினால் என் சொந்தக்காரர்களிலேயே நாலு பேர் அகப்படுவார்கள்.

உழுபவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்கிருந்த ஐந்து ஏக்கரை, ஊர்க் கணக்கில் பதினைந்து மா நிலத்தைக், குத்தகைதாரரிடமிருந்து மீட்க ஒரு வழிதான் மிச்சமிருந்தது: சொந்த சாகுபடி செய்யப்போவதாக ரெவின்யூ கோர்ட் அதிகாரியிடம் மனுப் போடுவது. வரப்பில் செருப்பைக் கழற்றியறியாத நான் போட்டேன். வக்கீல், "அதிகாரி முன்னால கொஞ்சம் டீசன்ட்டா வாங்க" என்றார். அவர் நினைத்தது சலவை வேட்டி. நான் வாசித்திருந்த இங்கிலீஷ் புத்தகங்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது.

தஞ்சாவூரில் கல்யாண மாப்பிள்ளைகளுக்குத் தைக்கும் தையல்காரர் ஒருவரைப் பிடித்து, அவருக்கே பாடம் நடத்தினேன். சட்டைக் காலருக்குள் ஒரு விரல்தான் நுழையலாம். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். முதுகில் ஒரு சுருக்கம் ஆகாது. அவர் சாக்குக் கட்டியோடு என்னைச் சுற்றி வந்தார்.

"கையத் தூக்கிப் பாருங்க சார். கம்புக்கூட்டுல புடிக்குது. கொஞ்சம் லூஸ் விட்டுடறேன்."

"கையத் தூக்குற வேலை எனக்கில்ல."

"குனிஞ்சாவது பாருங்க."

"குனியிற வேலையும் இல்ல."

அவர் பித்தானைப் பூட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். எங்கும் சுருக்கமில்லை. அன்றைக்கு என் மூளையிலும் இருந்திருக்காது.

சித்திரை வெயிலில் அந்தக் கம்பளித் துணிக்குள் வெந்தபடி அதிகாரி முன் நின்றேன். பக்கத்தில் எங்கள் குத்தகைதாரர், இடுப்பில் துண்டோடு.

"உழவெல்லாம் நீங்களேதான் பாப்பீங்க?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க."

"நடவு?"

"அதையும் நானே நடுவேன்."

அறையே சிரித்தது. எங்கள் பக்கம் நடவு பெண்களின் வேலை. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அதிகாரியும் சிரித்ததில் அவருடைய பேனா மேஜையிலிருந்து உருண்டு என் காலடியில் விழுந்தது. மரியாதைக்கு எடுத்துக்கொடுக்கப் போனேன். பாதிக்கு மேல் உடம்பு வளையவில்லை. கோட்டு விடவில்லை. கோயில் துவாரபாலகர்கூட என்னைவிட நெளிவாக நிற்பார். குத்தகைதாரர் சாவதானமாகக் குனிந்து, பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதே பேனாவால் என் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

வாசலில் குத்தகைதாரர் எனக்காகக் காத்திருந்தார். அப்பா காலத்தில் என்னைச் 'சின்னய்யா' என்றவர்.

"சார், அந்தக் கோட்டத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. கதிர் முத்துறப்பக் குடுங்க. வைக்கோலத் திணிச்சு வயல்ல நிறுத்துனா ஒரு குருவி அண்டாது."