வரிசையின் கடைசியில் நடந்தவள்

பின்பாட்டு என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். தங்கை மகன், தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மலைமேல் இருக்கிற பழைய கோட்டை, போர்க்களம் எல்லாம் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டியாம். அவளைக் கூட வேலை செய்கிறவர்கள் பின்பாட்டு என்றுதான் கூப்பிடுவார்களாம். பாடுவாளா என்று கேட்டேன்.

"இல்ல பெரியம்மா, எல்லாருக்கும் பின்னாடி நடப்பா. அதான்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள். "பின்னாடி நடக்கிறவ எப்படிடா வழி காட்டுவா? கூட வர்றவங்களுக்கு முதுகுல கண்ணா இருக்கு?"

பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர். அம்மா, என் பெரிய நாத்தனாரின் ஓரகத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. நூல் பிடித்துப் போனால் எனக்கும் உறவுதான். பெண் குள்ளமாக, அகலமாக இருப்பாள். குரல் மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி. கல்யாணப் பந்தலில் மெதுவாகத்தான் சிரித்தாள். பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் தகராறு. என் தங்கைக்கு ஒரு கடை உண்டு. பட்டன், நூல், ஊசி, லேஸ் என்று தையல் சாமான்கள். மருமகள் வந்து கல்லாவில் உட்காருவாள், நாம் காலை நீட்டலாம் என்று இருந்தவளுக்கு, மருமகள் வாரத்தில் பாதி நாள் மலையில் இருப்பது பொறுக்கவில்லை. வந்தாள் என்றுதான் பேர், வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறாள் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். கடைசியில் ஒரு நாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"நான் ஒரு தடவை கூட வந்து பாக்கிறேன். அது வேலைன்னு என் மனசுக்குப் பட்டா போ. படலேன்னா அடுத்த மாசத்துலேர்ந்து கடையில உக்காரு."

"சரி அத்தை. முதல்ல நல்ல பூட்ஸ் வாங்கிக்கோங்க" என்றாள் மருமகள்.

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லையாம். அந்த வேலையை விடச் சொன்னால் அவள் பாதி ஆளாகிவிடுவாள், நீங்களும் கூடப் போங்கள் என்று தங்கை மகன் என்னிடம் வந்து நின்றான். போனேன். அப்போது எனக்கு முழங்கால் நன்றாக இருந்தது.

நான்கு நாள் நடை. பெட்டிகளை வேனில் ஏற்றி அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள், எந்தக் காலத்திலோ பீரங்கி இழுப்பதற்காகக் கல் பாவின பழைய ராணுவப் பாதையில் நடந்தோம். முதல் நாள் கூரை இல்லாத காவல் கோட்டை. இரண்டாம் நாள் போர்க்களம் என்று ஒரு புல்வெளியைக் காட்டினாள் பின்பாட்டு. அங்கே எங்களையே இரண்டு படையாகப் பிரித்து நிறுத்திவிட்டாள். கூட்டத்தில் வந்திருந்த, புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஆளுக்கொரு பக்கம். பல் டாக்டர் ஒருவர் தோற்ற ராஜா. எப்படித் தோற்றார் என்று அவள் சொல்லி முடித்தபோது மனிதர் நிஜமாகவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என் தங்கை மட்டும், புல்லைப் பார்க்க இத்தனை தூரமா என்று முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் என் தங்கை வரிசைக்கு முன்னால் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்தே ஒருத்தர் முதுகைப் பார்த்து நடக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நடந்தால் பரவாயில்லை, விளக்கமும் சொல்ல ஆரம்பித்தாள். ஓர் இடத்தில் வட்டமாகக் கட்டைச் சுவர் தெரிந்தது. இது ராணி குளித்த இடம் என்றாள். தண்ணீரை எங்கே காய்ச்சினார்கள் என்று கேட்டார் பல் டாக்டர். அந்தக் காலத்து உடம்பு, பச்சைத் தண்ணீரே போதும் என்றாள். அவர் நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் பின்பாட்டு, அவளுக்கு முன்னால் நான். என்ன இடம் இது என்று மெல்லக் கேட்டேன்.

"ஆட்டுப்பட்டி, பெரியத்தை. இப்பச் சொன்னா அத்தை முகம் வாடிடும். அப்புறம் சொல்லிக்கலாம்."

கொஞ்ச தூரத்தில் மூடுபனி இறங்கியது. நீட்டின கை தெரியவில்லை. அந்த இடத்தில் ஆடு நடந்த தடம் ஒன்று பாதையிலிருந்து பிரிகிறது. புல் மூடின கல்பாதையைவிட அது சுத்தமாக இருக்கும். என் தங்கை அதில் இறங்கிவிட்டாள். மாலையில் கோத்த மணி மாதிரி மற்றவர்களும் அவள் பின்னால் இறங்கினார்கள். "ஐயோ, கால்" என்று அவள் குரல் எங்கேயோ கேட்டது.

"நில்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள் பின்பாட்டு. மலையே நின்ற மாதிரி இருந்தது. யாரும் நகரக் கூடாது, நின்ற இடத்திலேயே திரும்புங்கள், முன்னால் இருக்கிறவர் தோளைப் பிடியுங்கள் என்றாள். அப்புறம் பூட்ஸால் தரையைத் தட்டினாள். டக் டக்கென்று கல் சத்தம். தலை தடம் மாறிப் போயிருந்தாலும், வால் இன்னும் பாதையிலேயே நின்றுகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"பெரியத்தை, நீங்க இந்தக் கல்லை விட்டு அசையாதீங்க. பேசிக்கிட்டே இருங்க. சத்தத்தைக் கேட்டு வந்துடுவாங்க. நான் அத்தையைக் கூட்டிட்டு வரேன்."

"என்னத்தப் பேசறது?"

"உங்க சொந்தக்காரங்களப் பத்திப் பேசுங்க."

அதற்கா பஞ்சம். சின்ன மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்திகள் போட்ட சண்டையில் ஆரம்பித்தேன். மூன்று குடும்பத்துக் கதை முடிவதற்குள் ஒவ்வொருவராகக் கல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சம்பந்திகள் அப்புறம் பேசிக்கொண்டார்களா என்று பல் டாக்டர் கேட்டார்.

கடைசியாக என் தங்கை வந்தாள். முழங்கால் வரை சேறு, ஒரு காலில் பூட்ஸ் இல்லை, மருமகள் தோளில் முழுப் பாரமும். மருமகள் தன் கம்பளித் துண்டை அந்தக் காலில் சுற்றிக் கட்டிவிட்டு, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனாள்.

"இப்பவாவது முன்னாடி போயேண்டி" என்றாள் தங்கை.

"முன்னாடி போறவங்க வழி தப்பினா கூப்பிட்டுக்கலாம் அத்தை. கடைசி ஆள் தப்பினா கூப்பிட யார் இருக்கா? நீங்க மெதுவாப் போங்க, கல்லு காலுக்குத் தெரியும்."

தங்கை கல்லைக் காலால் தடவிக்கொண்டே நடந்தாள். விடுதியில் கணப்பருகே காலை நீட்டிக்கொண்டு, மருமகள் தனியாகச் சொன்னதை அவளாகவே எல்லோரிடமும் சொன்னாள்: "அது ஆட்டுப்பட்டியாம். ராணி வேற எங்கயோ குளிச்சிருக்கா." பல் டாக்டர்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊர் திரும்பினபோது தங்கை மகன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம். தங்கை அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டா பக்கத்து ரூம்ல இருந்துகூட நீ வரமாட்டே. இவ ஒரு வார்த்தை சொன்னா முன்பின் தெரியாதவங்க எல்லாம் அப்படியே நிக்கிறாங்க. இந்தக் குரலை வச்சுக்கிட்டுப் பட்டனா விக்கிறது? அவ போகட்டும். சாயங்காலத்துல நீ வந்து கடையில உக்காரு."

அப்படித்தான் நடந்தது. அவனுக்கு லேஸ் அளக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஊசி எண் இன்னும் குழப்பம்தான். பின்பாட்டுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவள் மலைக்குப் போகிற நாளெல்லாம் இரண்டையும் என் தங்கைதான் பார்த்துக்கொண்டாள், எல்லோரையும் திட்டிக்கொண்டே.

இப்போது பின்பாட்டுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. இந்த வாரமும் ஒரு கூட்டத்தோடு மலைக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள்.