கழுவிய கற்கள்

கார்ல்ஸ்ரூஹேயில் நான் வேலை பார்த்த கனிமவியல் ஆய்வுக்கூடத்தில், கல் வெட்டும் இயந்திரத்துக்கு மேலே என் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. ஒன்று, பையின் எண்ணைப் பதிவேட்டில் எழுதுக. இரண்டு, கல்லைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவுக. மூன்று, உலர்த்துக. நான்கு, உடைக்க. இப்படிப் பதினொன்று வரை போகும். சென்னையில் படித்தபோது பழகிய வரிசைதான். அங்கே எந்தக் கல்லை எடுத்தாலும் செம்மண் அப்பியிருக்கும். கழுவாமல் தொட மாட்டோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். பட்டியலைப் பார்த்துத்தான் என்னை மதித்தார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வசந்தத்தில் சிலி நாட்டின் பாலைவனத்திலிருந்து நாற்பது துணிப்பைகள் வந்தன. கொண்டுவந்தவர் எங்கள் துறையிலேயே முனைவர் பட்டத்துக்குப் படித்த மதுரைக்காரர். நான்கு மாதம் அங்கே அலைந்து, உதடு வெடித்துத் திரும்பியிருந்தார். செம்பு பாறைக்குள் மட்டும் இல்லை, தரையின் மேல் ஒரு விரற்கடைப் பொருக்கிலும் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் அதை நம்பித்தான் நின்றது.

இருபத்தொன்பது பைகளைச் சோதித்தேன். செம்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தவர், பாலைவனத் தரையில் தான் பார்த்த நீலம் வெயிலில் கண் செய்த வேலை போலிருக்கிறது என்று சிரித்தார். வியாழக்கிழமை பேராசிரியரைப் பார்த்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கழுவிய நீரில் இறங்கிய சேற்றையும் எடை போட்டுவிடலாம் என்று ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்து, அறையைச் சூடாக்கும் குழாய்கள் மேல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை தட்டு காய்ந்திருந்தது. சேற்றைச் சுற்றி விளிம்பில் வெளிர்நீலமாக ஒரு வளையம். அதைச் சுரண்டி, சில சொட்டு நீரும் ஒரு துளி அமிலமும் விட்டு, சுத்தமான இரும்பு ஆணியை நுழைத்தேன். எடுத்தபோது ஆணியின் முனை செம்பாய்ச் சிவந்திருந்தது.

மயில்துத்தம். நீரில் கரையும் செம்பு உப்பு. மழை பெய்யும் ஊரில் அது தரைமேல் தங்காது. அதனால்தான் கழுவுவதில் எதையாவது இழப்போம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, சொல்லாமல் இருக்கலாம். இரண்டு, மிச்சமுள்ள பதினொரு பைகளைக் கழுவாமல் சோதித்துவிட்டுச் சொல்லலாம். மூன்று, இப்போதே சொல்லலாம். முதலாவதை அடிக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டாவதும் ஒருவகை ஒளிப்புதான் என்று பட்டது.

மதிய உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு சூப்பின் முன் அவர் உட்கார்ந்திருந்தார். ஆணியை அவர் சூப் தட்டின் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எதுலயாவது கொஞ்சம் கழுவாம வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. எல்லாத்தையும் முழுசாத்தான் கழுவினேன்."

ஆணியை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க லிஸ்ட் மேடம், நாலு மாசம் நான் ஒரு தூத்தல்கூடப் பாக்கல அங்க. நீங்க இங்க உக்காந்தே மழை பெய்ய வெச்சுட்டீங்களே." பிறகு மெதுவாக, "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார்.

பேராசிரியரிடம் இருவரும் போனோம். அவர் என்னைத் திட்டவில்லை. எத்தனை பை பாக்கி என்று மட்டும் கேட்டு, வியாழக்கிழமைச் சந்திப்பை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பதினொன்றையும் தூரிகையால் மட்டும் துடைத்துச் சோதித்தேன். ஒன்பதில் செம்பு இருந்தது, நன்றாகவே இருந்தது. அத்தியாயம் தப்பியது, ஆனால் முழுசாக அல்ல. நாற்பது இடங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதைப் பதினொன்றை வைத்துச் சொல்லவேண்டியிருந்தது.

அந்த அத்தியாயத்துக்கான வரைபடத்தை நான்தான் மையில் வரைந்தேன். அளந்த இடத்துக்கு நிறைந்த வட்டம், மற்றதற்கு வெற்று வட்டம். வெற்று வட்டத்துக்கு என்ன விளக்கம் போடுவது என்று மதுரைக்காரர் கேட்டார். தரவு இல்லை என்று போட்டால் போதும் என்றும் அவரே சொன்னார்.

"கழுவப்பட்டதுன்னு போடுங்க" என்றேன்.

அப்படியே அச்சாகியிருக்கிறது. இருபத்தொன்பது வட்டங்கள்.