ஒன்பது இருபதுக்கு அனுப்பிய வருகைப் பதிவு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியை முனவர் பேகம். கணக்கு டீச்சர். வயது நாற்பத்து நான்கு. பள்ளிப் படிப்பு முடித்ததும் மூன்று வருடம் ஒரு கம்பெனியின் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். தைத்து வரும் பனியன்களை விளக்குக்குக் கீழே விரித்துப் போட்டு, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அங்கே இருந்துகொண்டே ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வாங்கி, படித்து முடித்து, இந்தப் பள்ளிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

எதையும் தள்ளிப்போடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. விடைத்தாள் கட்டு வந்தால் மறுநாள் காலை திருத்தி மேசைக்கு வந்துவிடும். இந்த ஜூன் மாதம் பள்ளி நிர்வாகம் தன்னுடைய எட்டுப் பள்ளிகளுக்கும் புதிதாக ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். வருகை, மதிப்பெண், பெற்றோர் விவரம் எல்லாம் இனி போனிலேயே. வராத பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரு தொடுதல் போதும், அனுப்பிய நிமிடமே வீட்டுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். மற்ற டீச்சர்கள் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாரத்திலேயே முனவர் பேகம் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். தினமும் முதலில் வருகை அனுப்பிய வகுப்பு எது என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படத்தோடு போடுவார்கள். முக்கால்வாசி நாள் அது ஆறாம் வகுப்புதான். ஒன்பதேகாலுக்கு மணி அடித்து, வழிபாட்டில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே தலைகளை எண்ணி, ஒன்பது இருபதுக்கெல்லாம் அனுப்பிவிடுவார்.

ஜூலையில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. புதிய மென்பொருளை ஒட்டி ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஓர் ஆசிரியர் செயலாராய்ச்சி செய்ய வேண்டும். தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, ஒரு மாற்றம் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று ஆசிரியரே எழுதுவது. முதலில் திட்டத்தை ஆசிரியர் பயிற்சி மையத்தில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

"நம்ம ஸ்கூல்ல உங்களை விட்டா ஆரு இருக்கறாங்க மேடம், நீங்களே பண்ணீருங்க" என்றார் தலைமையாசிரியர் பிரபாகர். பொங்கலூர்க்காரர். நல்ல மனிதர், மேலிடத்தில் இருந்து போன் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

முனவர் பேகம் அன்று மாலையே தலைப்பை எழுதினார். 'பள்ளித் தகவல் மென்பொருளில் பெற்றோரின் ஆர்வமின்மையைப் போக்குதல்.' அவர் கண்ட சிக்கல் அதுதான். பிள்ளை வரவில்லை என்று செய்தி போகிறது, ஒரு வீட்டிலிருந்தும் பதில் இல்லை. பெற்றோருக்கு அக்கறை போதவில்லை என்று அவர் நினைத்தார். இரண்டு பக்கம் எழுதி பிரபாகரிடம் கொடுத்தும் விட்டார்.

நான்காம் நாள், பத்தே முக்கால் இருக்கும். கரும்பலகையில் பின்னக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலைமுடியில் பஞ்சுத்தூசி, மூச்சு வாங்கியது, காலில் செருப்பு இல்லை.

"டீச்சர், எம்புள்ள வரலையாமே. காலையில கிளம்பி வந்தாளே டீச்சர்."

செண்பகவல்லியின் அம்மா சீனியம்மாள். சாத்தூர்ப் பக்கம் இருந்து பிழைக்க வந்த குடும்பம், பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷினில் தைக்கிறவள். முனவர் பேகம் விலகி நின்றார். மூன்றாவது பெஞ்சில் செண்பகவல்லி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து விழித்தாள்.

சீனியம்மாள் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ டைமில் எடுத்துப் பார்த்தபோது செய்தி இருந்திருக்கிறது. பள்ளிக்கு என்று கிளம்பிய பெண் பள்ளியில் இல்லை. செருப்பைத் தேடக்கூட நிற்காமல், சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவந்திருக்கிறாள்.

"பாலத்துக்கிட்ட வரையில அழுகை வந்துருச்சு டீச்சர். எங்கன போய்த் தேடுவேன் நான்."

தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அவளை அனுப்பிவிட்டு, இடைவேளையில் செண்பகவல்லியைக் கூப்பிட்டுக் கேட்டார் முனவர் பேகம். தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வர வேண்டும். அங்கன்வாடி திறந்து, ஆயா வந்து பையனை வாங்கிக்கொள்ள ஒன்பதேகால் ஆகும். அவள் பள்ளி வாசலில் நுழையும்போது ஒன்பது இருபத்தைந்து.

"வந்தப்புறம் நான் மாத்திப் போட்டிருப்பேனே கண்ணு."

"மாத்துனீங்க டீச்சர். நான் பாத்தேன்."

அதுதான் விஷயம். வந்த பிள்ளைக்கு வருகையைத் திருத்தலாம், போன செய்தியைத் திருப்பி வாங்க முடியாது. அதுவரை செய்திகள் பழைய போன் நம்பர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. முந்தின நாள் மாலை உட்கார்ந்து எல்லா நம்பரையும் சரிசெய்தது முனவர் பேகமேதான்.

அன்று மாலை அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அலுவலகக் கணினியில், எந்தப் பதிவை யார் எப்போது திருத்தினார்கள் என்கிற பட்டியலைத் திறந்தார். 'வரவில்லை' என்று போட்டு, பிறகு 'வந்தார்' என்று மாற்றியவற்றை மட்டும் பிரித்து, மூன்று வாரத்துக்கு ஒரு தாளில் எழுதினார். அவருடைய வகுப்பில் நாற்பத்தொன்று. மற்ற ஏழு வகுப்புகளையும் சேர்த்தால் பதினேழு.

அந்தத் தாளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செக்கிங்கில் இருந்தபோது ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓட்டை வந்தால் துணியைக் குறை சொல்ல மாட்டார்கள், எந்த மெஷினில் இருந்து வருகிறது என்று போய்ப் பார்ப்பார்கள். இங்கே போய்ப் பார்க்கத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பிரபாகரிடம் பழைய இரண்டு பக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதுத் தலைப்பைக் கொடுத்தார். 'காலை வருகைப் பதிவில் வகுப்பாசிரியரின் அவசரமும் அதனால் வீடுகளுக்குப் போகும் தவறான செய்திகளும்.'

பிரபாகர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க மேடம், இதையெல்லாம் எழுதோணுங்களா? நம்ம தப்ப நாமளே டைப் பண்ணிக் குடுக்கறாப்பல இருக்குது."

"நம்ம தப்பு இல்லீங்க சார். என்ற தப்பு."

"அதுக்கில்லீங்க. பேசாம, மென்பொருளால டீச்சருக்கு நேரம் எவ்வளவு மிச்சம்னு போட்டா, அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

"மிச்சம் பண்ணுன நேரத்துல நான் என்ன செஞ்சேன்னு ஒரு அம்மா செருப்பில்லாம ஓடிவந்து காட்டீட்டாங்க சார். வேற தலைப்பு எழுத எனக்குக் கை வரலீங்க."

பிரபாகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு வாரம் திட்டம் போடுவதிலேயே போனது. முதலில் வீடு வீடாகப் போனார். ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆட்கள் கிடைப்பார்கள். செய்தியை எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள், பார்த்ததும் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டே கேள்வி. டீ டைமில் பார்க்கிறவர்கள் சிலர், வேலை விட்டு வந்து பார்க்கிறவர்கள் சிலர். பீகாரிலிருந்து வந்த ஒரு தாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பக்கத்து அறையில் யாராவது வேலை விட்டு வந்தபிறகு படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாளாம். அக்கறை இல்லாத வீடு ஒன்றையும் முனவர் பேகம் பார்க்கவில்லை.

சீனியம்மாள் வீட்டுக்கும் போனார். ஆய்வைப் பற்றிச் சொல்லி ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினார்.

"இதுல எம்பேரு வருமா டீச்சர்?"

"வராதுங்க. என் பேருதான் வரும்."

சீனியம்மாள் யோசித்தாள். "அப்படின்னா நான் ஒண்ணு சொல்றேன். எழுத்துல மட்டும் அனுப்பாதீக. எம்புள்ள வரலைன்னா கம்பெனி ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டு விட்டா சூப்பர்வைசரும் சத்தம் போட மாட்டாரு."

அது திட்டத்தில் ஒரு படியாகவே சேர்ந்தது. எட்டு வாரம். வருகையை வழிபாட்டில் எண்ணாமல், முதல் பாடவேளை தொடங்கி ஒன்பதே முக்காலுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தபிறகு எடுப்பது. வராத பிள்ளை இருந்தால் முதலில் போன், பிறகுதான் பதிவு. வாரம் எத்தனை தவறான செய்தி, உண்மையில் வராத பிள்ளைகளில் எத்தனை பேரின் காரணம் பத்தரைக்குள் தெரிந்தது, இந்த இரண்டையும் குறிப்பது. மூன்றாவதாக ஒன்றையும் அவரே சேர்த்தார்: இதனால் கணக்குப் பாடத்தில் எத்தனை நிமிடம் போகிறது.

பயிற்சி மையத்தில் மற்ற பள்ளிக்காரர்கள் வண்ண வண்ண ஸ்லைடு காட்டினார்கள். முனவர் பேகம் நாற்பத்தொரு திருத்தங்கள் எழுதிய தாளைத் திரையில் போட்டு, அது தன் வகுப்பு என்று சொன்னார். மதிப்பிட வந்த விரிவுரையாளர் மோகன்ராஜ் கேட்டார்: "இது மென்பொருள் பற்றின ஆராய்ச்சி மாதிரி இல்லீங்களே மேடம். உங்களைப் பற்றினது மாதிரியல்ல இருக்குது?"

"ஆமாங்க சார். அது நான் சொன்னதைத்தான் வீட்டுக்குச் சொல்லுச்சு. அதனால சொல்றவங்ககிட்ட இருந்து ஆரம்பிச்சிருக்கறேன்."

மோகன்ராஜ் சிரித்தார். ஒப்புதல் அன்றைக்கே கிடைத்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்கினார். வாட்ஸ்அப் குழுவில் ஆறாம் வகுப்பு முதலிடத்திலிருந்து கடைசிக்குப் போனது. முதல் சில நாள் அவருக்கு அது உறுத்தியது, கை தானாகவே போனை எடுக்கும், வைத்துவிடுவார். ஐந்தாவது வாரம் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. போன் போட்டதில், ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருவனின் அப்பா, பையன் பள்ளிக்குக் கிளம்பிவிட்டானே என்றார். பத்தரைக்கு அவனை ரயில்வே கேட் பக்கம் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். வீட்டுப்பாடம் செய்யாத பயத்தில் வெளியே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். முன்பு போல் தினமும் பொய்ச் செய்தி போய்க்கொண்டிருந்தால் அன்றைக்கு அந்த அப்பா நம்பியிருப்பாரா என்று முனவர் பேகம் தன் குறிப்பேட்டில் எழுதினார்.

எட்டு வாரத்தில் தவறாகப் போன செய்திகள் மூன்று. அறிக்கையில் அதை எழுதியதோடு, ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினொரு நிமிடம் பாடம் போனதையும், பின்னம் முடிக்க ஒரு வாரம் கூடுதலாக ஆனதையும் மறைக்காமல் எழுதினார். பிரபாகர் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. முதலில் அனுப்பிய வகுப்புக்குக் கைதட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதியது அவர்தான்.

நவம்பரில் எட்டுப் பள்ளிகளுக்கும் இந்த முறையையே வைக்கலாமா என்று நிர்வாகம் கேட்டது. வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு டீச்சரும் தன்னுடைய திருத்தப் பட்டியலை முதலில் தானே எடுத்துப் பார்க்கட்டும் என்றார் முனவர் பேகம். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஊத்துக்குளிப் பள்ளியிலிருந்து ரோஸ்மேரி என்கிற டீச்சர் போன் செய்தார். பட்டியல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். முனவர் பேகம் கணினி முன்னால் உட்கார்ந்து, எதைத் தொட வேண்டும், அடுத்தது எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மறுமுனையில் ரோஸ்மேரி தன் திருத்தங்களை எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. அவர் எண்ணி முடிக்கும்வரை முனவர் பேகம் காத்திருந்தார்.