ஒரு சொல் மிஞ்சிய நோயாளியும் நான்கு மொழித் துபாசியும்

ஆஸ்பத்திரித் துபாசியின் வேலை, நோயும் இல்லாமல் மருந்தும் தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அம்மா சொன்னதை மனைவிக்கும் மனைவி சொன்னதை அம்மாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இந்தப் பிழைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. சைகோன் ஆஸ்பத்திரி ஒன்றில், பிரெஞ்சு டாக்டருக்கும் நம்மவர்களுக்கும் நடுவே மொழிபெயர்த்துக்கொண்டு எட்டு வருஷம் நின்றேன். தமிழ், பிரெஞ்சு, அந்த ஊர்க்காரர்களான அன்னாமியரின் பேச்சு மூன்றும் எனக்குச் சரளம். காரைக்கால் பாதிரியார் ஒருவரின் தயவில் லத்தீனும் கொஞ்சம் உண்டு. ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு நோயாளிகூட லத்தீனில் முனகவில்லை.

வயிற்றுக்குள் சலவை

பால்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். எப்படி வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். அவர் ஆரம்பித்தார்: "உள்ள யாரோ ஈரத் துணிய முறுக்கிப் புழியிறாப்ல இருக்குங்க. புழிஞ்சி உதறுறான். உதறிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கான். சரி, போயிட்டான்னு நெனச்சு எந்திரிச்சா, அடுத்த துணிய எடுக்குறான்."

பிரெஞ்சு வைத்திய நூல்களில் இதற்கு அழகான ஒற்றைச் சொல் ஒன்று உண்டு. அதைச் சொன்னேன். டாக்டர் தலையசைத்து மருந்து எழுதிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால்காரர் மட்டும் நகராமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "நான் அவ்வளவு சொன்னேன், நீங்க ஒத்த வார்த்தைதானே சொன்னீங்க. மீதி வலிய நீங்களே வச்சிக்கிட்டீங்களா?"

குடை

சொல் இல்லாமல் சிந்தனை இல்லை என்பது அந்தக் காலத்தில் என் கட்சி. மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும் உள்ளுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்த வாக்கியத்தைப் பிடுங்கிவிட்டால் உள்ளே வெறும் இருட்டுதான் என்று நர்ஸ் தூவுக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். தூ அன்னாமியர். பஞ்சைச் சுருட்டியபடியே எதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். அதனால் அவரிடம் நான் அதிகம் பேசுவது வழக்கம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் பேச்சை நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், டாக்டரின் நாற்காலி முதுகில் என்று குடையைத் தேடினேன். தூ எழுந்து போய் மருந்து அலமாரி மேலிருந்து அதை எடுத்து நீட்டினார். "ஐயா, இதை எந்த மொழியில மறந்தீங்க?"

நாளைக்கு

இரண்டு வாரம் கழித்து சவரிமுத்துவைக் கொண்டுவந்தார்கள். காரைக்கால்காரர், கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் காவலர். வேலைக்குப் புறப்பட்டவர் வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டார். வலது கையும் காலும் செயலற்றுப் போயின. பேச்சும் போய்விட்டது. திருத்தமாகச் சொன்னால், ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. பெயர் என்ன? "நாளைக்கு." வலிக்கிறதா? "நாளைக்கு." கஞ்சி வேண்டுமா? "நாளைக்கு." பிரெஞ்சில் கேட்டாலும் அன்னாமியர் பேச்சில் கேட்டாலும் அதே பதில்தான். குரல் மட்டும் கேள்விக்குத் தக்கபடி ஏறியது, இறங்கியது, கெஞ்சியது. அதை நான் கவனிக்காமல் இல்லை. என் கட்சிக்கு அது உதவாது என்பதால் விட்டுவிட்டேன்.

டாக்டர் கெட்டவர் அல்ல. புத்தி தெளிவாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம், கலங்கியிருந்தால் வெளியூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சவரிமுத்துவின் மனைவி லான் அன்னாமியப் பெண்; துறைமுக வாசலில் வாழைப்பழம் விற்பவர். இருபது வருஷக் குடித்தனமும் அந்த அம்மாளின் மொழியில்தான் நடந்தது. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. கட்டிலோரம் உட்கார்ந்து, இவர் என்னதான் சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நோயாளி பொருள் உணர்ந்து சொல்லவில்லை என்று நீட்டி விளக்கினேன். அதை விடுங்கள், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றார். சொன்னேன். லான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கா? அப்ப வீட்டுக்குப் போட்டுக்கிட்டு வர நல்ல சட்டை வேணுமே."

சாவி

வெள்ளிக்கிழமை லான் சட்டையோடுதான் வந்திருந்தார். டாக்டர் ஒரு தட்டில் சாவி, கரண்டி, சீப்பு மூன்றையும் வைத்து நீட்டி, சாவியை எடுத்துத் தம்மிடம் கொடுக்கச் சொன்னார். தமிழில் சொன்னேன். சவரிமுத்து சாவியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். விழுந்து கிடந்த தம் வலது கையைப் பார்த்தார். இடது கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல, "நாளைக்கு" என்றார்.

குறை என் சொல்லில்தான் என்று நினைத்தேன். சாவி என்பது போர்த்துக்கீசியரிடம் வாங்கிய சொல்லாயிற்றே! நல்ல தமிழில் "திறவுகோல்" என்றேன். பலனில்லை. டாக்டர் கரண்டியைக் கேட்டார். அதற்கும் "நாளைக்கு." டாக்டர் பெருமூச்சுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அவரை என்ன செய்யச் சொன்னீர்கள் என்று லான் என்னிடம் கேட்டார். சொன்னதும் எழுந்து வந்து, புருஷனின் வலது கையைத் தூக்கி உள்ளங்கை மேலாகத் தட்டின் அருகே பிடித்தார். அவ்வளவுதான் செய்தார். போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. தட்டில் சாவியை மட்டும் எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தது. பிறகு சவரிமுத்து இடது கையால் வலது கையைத் தாங்கி, இரண்டு கையுமாகச் சாவியை டாக்டரிடம் நீட்டினார். யாரும் மறுபடி கேட்காமலே கரண்டியும் அப்படியே போனது. லான் என் பக்கம் திரும்பினார். "இருபது வருஷத்துல எனக்கு ஒரு பழம்கூட இடது கையால குடுத்ததில்ல. பெரிய மனுஷருக்குக் குடுப்பாரா? உங்க ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாதா?"

டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். கடைசிக் கேள்வியை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். டாக்டர் சாவியைக் கையில் புரட்டிப் பார்த்தார். எழுதத் தொடங்கியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு தாளில் கையெழுத்திட்டார். சவரிமுத்து அதைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "நாளைக்கு?" என்றார். அந்த ஒரு சொல்லை இந்த ஒரு வாரத்தில் டாக்டரும் கற்றுக்கொண்டுவிட்டார். தம் மொழியில் பதில் சொன்னார்: "இல்லை, சவரிமுத்து. இன்றைக்கே."

நான்கு மொழி தெரிந்த நான் அதைத் தமிழாக்க வாயைத் திறப்பதற்குள், சவரிமுத்து சட்டைக்காக மனைவியிடம் கையை நீட்டிவிட்டார், அந்த அவசரத்தில் இடது கையை.