பாதம் முளைத்த நாமம்

கறுப்புப் பெயிண்டில் தின்னரை ஊற்றிக் குச்சியால் கலக்கும்போது மூக்கின் நடு எலும்பில் போய் ஒரு காரம் உட்காரும். அந்தக் காரம் எங்கே வந்தாலும், புது வீட்டின் ஜன்னல் கம்பியாகட்டும், எங்கள் அலுவலகத்துப் பழைய பீரோவாகட்டும், நான் உடனே ஐந்தாம் வகுப்புப் பெண்ணாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், மடியில் கந்தல் துணியும் கையில் சின்னப் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுகிறேன். எதிரே ஒரு கண்ணாடிக் குழாய் கிடக்கிறது. அதில் நான் கறுப்பு அடிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் மற்ற வீடுகளிலிருந்தெல்லாம் தறிச் சத்தம் வரும். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் காஸ் நெருப்பு சீறுகிற சத்தம். அப்பாவும் தறிக்காரர் பிள்ளைதான், ஆனால் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க அவர் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸுக்குப் போய் நியான் விளக்கு செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, குழியை மண் போட்டு மூடி, அதன் மேலேயே ஒரு மேஜையைப் போட்டுவிட்டார். ஊர் அவரை 'டியூப் வேலு' என்றது. தொண்ணூறுகளில் காந்தி ரோட்டில் சாயங்காலம் நடந்தால், பட்டுக்கடைகளின் நெற்றியில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக எரிகிற பெயர்களில் பாதிக்கு மேல் எங்கள் முன்னறையில் வளைந்தவையாகத்தான் இருக்கும். நானும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போனால் புடவையைப் பார்க்க மாட்டோம், போர்டைப் பார்த்து, "நம்ம 'பட்டு'வப் பாரு, எம்மா அழகா எரியுது" என்று பேசிக்கொண்டு போவோம்.

குழாயை நெருப்பில் காட்டி இளக்கும்போதே அதன் ஒரு நுனியில் மாட்டிய ரப்பர் டியூபை வாயில் கவ்விக்கொண்டு அப்பா மெதுவாக ஊதுவார். ஊதாவிட்டால் வளைகிற இடத்தில் குழாய் சப்பிப்போகும். அந்த நேரத்தில் யார் எது கேட்டாலும் 'ம்'தான் பதில், அதனால் அம்மா சினிமாவுக்குப் போவது முதல் அக்கம்பக்கத்துச் சீட்டில் சேருவது வரை எல்லா அனுமதியையும் அப்போதுதான் வாங்குவாள். வாயில் டியூப் இல்லாத நேரத்தில் அப்பாவின் குரல் தெருமுனைப் பிள்ளையாருக்கே கேட்கும். கோபம் வந்தால் கத்துவார், சந்தோஷம் வந்தாலும் கத்துவார். எது என்று பக்கத்து வீட்டார் வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

நியானில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குழாய் வைப்பதில்லை. ஒரே குழாய் ஓர் எழுத்தாக வளைந்து, பின்பக்கமாக இறங்கி, அடுத்த எழுத்தாக ஏறும். உள்ளே வாயு ஓடுவதால் குழாய் முழுக்க எரியும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இணைப்பும் சேர்ந்து எரியும். அது தெரியாமலிருக்க அந்த இணைப்பின் மேல் கறுப்பு அடிக்க வேண்டும். தறிக்கார வீட்டுப் பிள்ளை ஆனதால் அப்பா அதைக் 'கோர்வை' என்பார். பட்டுப்புடவையில் உடலையும் கரையையும் சேர்க்கிற இடத்துக்குப் பெயர் கோர்வை, அதை நெய்தவன் பெருமையாக விரித்துக் காட்டுவான். "அங்க கோர்வையக் காட்டணும், இங்க கோர்வைய மறைக்கணும். அவ்ளோதாம்மா வித்தியாசம்" என்பார் அப்பா.

அந்தக் கறுப்பு அடிப்பது என் வேலை. என் விரல் சின்னது, பிரஷ்ஷும் சின்னது, சந்து பொந்தெல்லாம் நுழையும் என்று நானே கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டது. அதற்கு ஒரு முறை உண்டு. கையெண்ணெய் போகத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, அடிக்க வேண்டும். அரை மணி காயவிட வேண்டும். அப்புறம் இரண்டாவது கை. "ரெண்டாங் கை அடிக்காத கறுப்பு கறுப்பே இல்ல" என்று அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார், நானும் நாலு தடவை "செரிப்பா" என்பேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மண்டபம் இருந்தது. வைகாசித் திருவிழாவில் கருட சேவை பார்க்க ஐயம்பேட்டையிலிருந்தும் கூரத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ வருகிற சனங்களுக்கு அங்கே சாப்பாடு போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் வரதன் என்கிற ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார்; நாங்கள் 'மண்டபத்துச் சாமி' என்றுதான் சொல்வோம். அவர் ஒரு பங்குனி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, மண்டபத்து முகப்பில் வைக்க ஒரு நாமமும் அதன் கீழே 'ஸ்ரீ' என்ற எழுத்தும் வேண்டும் என்று கேட்டார். அப்பா நெற்றி நிறைய விபூதிப் பட்டையோடு தலையாட்டினார். "பட்டைக்காரன் நாமம் போடப்போறான்டி" என்று அம்மா எதிர்வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு எல்லா நாமமும் ஒன்றுதான். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியாது. வடகலையார் நாமம் அடியில் வளைந்து அதோடு முடிந்துவிடும். தென்கலையார் நாமத்தில் அந்த வளைவுக்குக் கீழே மூக்கின் மேல் இறங்குகிற ஒரு பாதம் உண்டு. அந்தப் பாதம் இருக்கிறதா இல்லையா என்பது எத்தனையோ தலைமுறையாகப் பேசித் தீராத விஷயம். மண்டபத்துச் சாமி வடகலை. போகும்போது வாசலில் நின்று, "வேலு, பாதம் கிடையாது. ஞாபகம் வெச்சுக்கோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வெள்ளைக் குழாயை வளைத்தார். நடுக்கோட்டுக்கு மட்டும் தனிக் குழாய்; நாமமும் அதன் கீழ் 'ஸ்ரீ'யும் ஒரே குழாய். வளைவின் அடியிலிருந்து 'ஸ்ரீ'க்கு இறங்குகிற கோர்வை, சரியாக நாலு விரல் நீளம். அதில் நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு அடித்தேன். ஒரு கை அடித்து முடித்திருந்தேன், வாசலில் மணி அடித்தது. எதிர்வீட்டுச் சுமதி வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஒன் அவர் தான்டி, வரியா இல்லியா?" அரை மணி காயவிட்டு, அப்புறம் இரண்டாவது கை அடித்துவிட்டுப் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? குழாயைத் தூக்கிப் பார்த்தேன், கறுப்பாகத்தான் இருந்தது. ஓடிவிட்டேன். சாயங்காலம் அப்பா "ரெண்டு கையும் ஆச்சா?" என்றார். "ஆச்சுப்பா" என்றேன். முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

பங்குனியில் மாட்டிய போர்டு சித்திரை வெயிலைத் தாங்கிக்கொண்டது. கத்திரியையும் எப்படியோ தாங்கியது. கருட சேவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் கோடைமழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு மண்டபத்துச் சமையல்காரர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து, "சாமி உடனே வரச் சொன்னார், நாமத்துல ஏதோ ஆயிடுச்சாம்" என்றார். அப்பா பெயிண்ட் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தார். ஊர்க் கூட்டத்தைப் பார்க்கிற ஆசையில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தூரத்திலேயே தெரிந்தது. நாமம் பளிச்சென்று எரிந்தது, நடுவில் மஞ்சள் கோடு எரிந்தது, கீழே வளைவிலிருந்து நாலு விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பாதமும் எரிந்தது. வடகலை மண்டபத்தில் தென்கலை நாமம்! கறுப்பு உரிந்துவிட்டிருக்கிறது, அடித்தது நான்.

கீழே கூட்டமான கூட்டம். எதிர்வரிசைத் தென்கலைப் பெரியவர் ஒருவர் தலைக்கு மேலே கைகூப்பி, "இத்தனை நாள் கழிச்சாவது இந்த மண்டபத்துக்குக் கால் வந்துதே, நடந்து வந்து சேவிக்கட்டும்" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். மண்டபத்துக் கமிட்டியில் இருந்த ஒருவருக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. "பட்டை போடறவன்கிட்ட நாமம் போடச் சொன்னேள். நமக்கே நாமம் சாத்திட்டான் பாருங்கோ. யார்கிட்ட வாங்கிண்டு இதைப் பண்ணினான்னு கேளுங்கோ" என்று கத்தினார். கூட்டம் அப்பாவைப் பார்த்தது. டியூப் வேலு கத்துவார் கோபக்காரர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் கை நீட்டி வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தவர் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அப்பா பதிலுக்குக் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு மூங்கில் ஏணியைச் சார்த்தினார். "புடிச்சிக்கோ" என்றார் என்னிடம். ஏறிப்போய்க் கோர்வையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். இரண்டு கை அடித்த கறுப்பு நகத்துக்கு மசியாது; இது மீன் செதில் போல உதிர்ந்து என் தலைமேலேயே விழுந்தது.

"என்ன வேலு?" என்றார் மண்டபத்துச் சாமி, ஏணியின் பக்கத்தில் வந்து.

"கறுப்பு உரிஞ்சிட்டுது சாமி. இது பாதம் இல்ல, 'ஸ்ரீ'க்குப் போற கோர்வ. ரெண்டு கை அடிக்கணும், ஒரு கையோட உட்டிருக்குது."

"யார் அடிச்ச கறுப்பு?" என்றார் கமிட்டிக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மேலேயிருந்து, "நான் அடிச்சதுதான். தப்பு என்னுது. யார்கிட்டயும் எதுவும் வாங்கல" என்று அப்பா சொன்னார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அப்பா துணியால் துடைத்தார், முதல் கை அடித்தார். அப்புறம் இறங்கவில்லை. "காயணும் சாமி, அரை மணி ஆவும்" என்று சொல்லிவிட்டு ஏணியின் உச்சியிலேயே நின்றார். கீழே ஒரு பார்வை பார்க்கவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளுக்கு ஆசைப்பட்டு நான் காத்திருக்க மறுத்த அரை மணி அப்படியே என் தலைமேல் நின்றது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மண்டபத்துச் சாமி மட்டும் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டாவது கையும் காய்ந்த பிறகு விளக்கைப் போட்டார்கள். டிரான்ஸ்பார்மர் 'ங்ங்ங்' என்று முனகி எழுந்தது, நாமம் எரிந்தது, பாதம் போய்விட்டிருந்தது. எதிர்வரிசைப் பெரியவர் அவர் வீட்டு வாசலிலிருந்தே, "வந்த கால் போயிடுத்தே ஓய்" என்றார். மண்டபத்துச் சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கமிட்டிக்காரர் அப்பாவுக்கு இனி வேலை கொடுக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார். "தப்பு என்னுதுன்னு நாலு பேர் நடுவுல சொல்றவனை விட்டுட்டு வேற யாரை நான் தேடறது?" என்று சாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா என்னைத் திட்டுவார், நாலு அறை விடுவார் என்றெல்லாம் நினைத்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் கறுப்பு டப்பா அம்மாவின் பக்கத்தில் இருந்தது. "உனுக்குப் படிப்பு இருக்குதுல்ல, படி" என்றார். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்களில் எல்.இ.டி. வந்தது. எல்லோரும் நினைப்பதுபோல அப்பா அதற்காக மூலையில் உட்கார்ந்து கண்ணீர் விடவில்லை. எங்கள் பக்கத்தில் முதலில் எல்.இ.டி. போர்டு மாட்டியவர்களில் அவரும் ஒருவர். "நியானுக்கு ஆயிரக்கணக்குல வோல்ட்டு, இதுக்குப் பன்னெண்டு. மழையில ஏணி ஏறுறவன் பொண்டாட்டி தாலிக்கு இதாம்மா கெட்டி" என்றார். காந்தி ரோட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மாறின. கண்ணாடி உடையாது, கரண்டு கம்மி, கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்தால் அச்சாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நான்தான், நியான் வெளிச்சம் பட்டுமேல் விழுந்தால் பால் மாதிரி இருக்கும், இது கண்ணில் ஊசி குத்துகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். "உனுக்கு என்னா, நீயா ஊதன? என் கன்னத்தக் கேளு" என்றார் அப்பா. மண்டபத்து நாமத்தையும் அவரேதான் கழற்றினார், அவரேதான் எல்.இ.டி. நாமம் மாட்டினார்.

போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அப்பாவை ஷேர் ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஏணி ஏறுவதில்லை. மண்டபத்து எதிரே இறங்கி நின்றோம். மண்டபத்துச் சாமி இல்லை, எதிர்வரிசைப் பெரியவர் இல்லை, அந்த 'ங்ங்ங்' இல்லை. நாமம் மட்டும் பொட்டுப் பொட்டாக, சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இதுல கோர்வ எங்கப்பா?" என்றேன், தெரிந்துகொண்டேதான்.

"இதுல ஏது கோர்வ? ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளு. ஒண்ணு செத்தா பக்கத்துல இருக்குறதுக்கே தெரியாது. கறுப்புக்கு வேலையே இல்ல."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தொண்டையில் நின்றதை அங்கேதான் சொன்னேன். "அப்பா, அன்னிக்கு ஒரு கையோட உட்டது நான். ரெண்டு கை அடிச்சேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். என்னக் காப்பாத்த நீ பழிய ஏத்துக்கினியே."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்னக் காப்பாத்தவா? அடப் போம்மா. பத்து வயசுப் பொண்ணு அடிச்ச கறுப்புன்னு சொன்னா எவன் எனக்கு அடுத்த போர்டு குடுப்பான்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சிரித்து முடித்து, ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆனா நீ அன்னிக்கே சொல்லிட்ட. கீழ நின்னு அழுதுக்கினு புடிச்சிக்கினு இருந்தியே, ஏணி என்னா ஆட்டம் ஆடிச்சி தெரியுமா? அரை மணியும் ஒரு கையால போர்டப் புடிச்சிக்கினுதான் நின்னேன். கீழ பாத்தா நானும் அழுதுடுவேன்னுதான் பாக்கல."